ஈ அறைக்கு இரண்டு பேர்

ஜனவரி 3

முன்னாள் மாணவர் தொடர்புப் பொறுப்பைக் கடைசியில் என் தலையில் கட்டிவிட்டாள் ஜெசிந்தா. உயிரியல் துறைத் தலைவி ஆகி ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் சிரித்துக்கொண்டே வேலை ஏவும் வித்தை வந்துவிட்டது. "உங்கள விட்டா யாரு மேடம் இருக்கா? இங்க படிச்ச பிள்ளைங்க அத்தன பேரையும் உங்களுக்குத்தான தெரியும்" என்றாள். ஐஸ் வைக்கிற பேச்சுக்கெல்லாம் இந்தச் செண்பகவல்லி மயங்குகிறவள் இல்லை. சோதனைக்குழாயைக் கழுவத் தெரியாமல் முழித்த நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும். எங்களிடம் படித்தவள்தானே.

தர மதிப்பீட்டுக் குழு கோடையில் வரப்போகிறது. பழைய மாணவர்களோடு துறைக்கு உறவு உண்டா என்று கேட்பார்களாம். அதனால் திடீரென்று எல்லோருக்கும் உறவு பொங்குகிறது. வாட்ஸப் குழு தொடங்க வேண்டும், பிப்ரவரியில் சந்திப்பு வைக்க வேண்டும், வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது எனக்கு இதெல்லாம் தேவையா?

ஆனாலும் சரி என்றேன். அதற்குக் காரணம் இவர். மரபியல் ஆய்வகத்தை ஒற்றை ஆளாக உருவாக்கியவர் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். ஓய்வு பெற்று மூன்று வருடமாக வீட்டில் பேப்பரைத் தின்றுகொண்டிருக்கிறார். மதிப்புறு பேராசிரியராகத் திரும்ப வந்து ஆய்வு செய்கிறேன் என்று தீபாவளிக்கே விண்ணப்பம் கொடுத்தார். ஜெசிந்தா அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், "பழைய மாணவர் சங்கம் தீர்மானம் போட்டுக் கேட்டா மேல அனுப்பிருதேன் மேடம்" என்கிறாள். சங்கமே இல்லாத இடத்தில் சங்கத் தீர்மானம். தட்டிக்கழிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்திருப்பாள். இப்போது சங்கமே என் கையில்.

ஜனவரி 5

குழு தொடங்கியாயிற்று. தூத்துக்குடியில் இறால் குஞ்சுப் பண்ணை வைத்திருக்கும் லிங்கதுரை எனக்கு வலது கை. ஒரே நாளில் எங்கெங்கோ இருந்து நம்பர் பிடித்துச் சேர்த்துவிட்டான். துபாயில் ஒருவன், வேளாண் துறையில் மூன்று பேர், ஜவுளிக்கடை வைத்துவிட்ட ஒருவன். "எங்க சார் எப்படி இருக்காங்க மேடம்?" என்று கேட்காத பையன் இல்லை. இவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார்.

மோட்டார் மறுபடி ஓடவில்லை. மெக்கானிக் நாளைக்கு வருகிறானாம். இதை மூன்றாவது நாளாகச் சொல்கிறான்.

ஜனவரி 8

சந்திப்பன்று வருகிறவர்களுக்குத் துறையைச் சுற்றிக் காட்ட வேண்டுமே என்று மாடி ஏறிப் பார்த்தேன். முட்டி வலி உயிர் போகிறது.

மாடியில் கடைசி அறைதான் ஈ அறை. பழ ஈக்களைப் பாட்டில் பாட்டிலாக வளர்க்கும் இடம். ரவையும் வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டுக் காய்ச்சும் கஞ்சி வாசனை தாழ்வாரம் வரை வரும். ஈக்களை மயக்கிப் போட்டு, சிவப்புக் கண் எத்தனை, வெள்ளைக் கண் எத்தனை என்று மாணவர்கள் எண்ணுவார்கள். இவருடைய கோயில் அது. அந்த அறைக் கதவை ஜெசிந்தா மாற்றியிருக்கிறாள். நல்ல தேக்குக் கதவு, அதில் நடுவே அறுத்துக் கண்ணாடி பதித்து, உட்பக்கத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டாள். பதவிக்கு வந்ததும் முதல் செலவே இதுதானாம். நுண்ணோக்கிகளில் பாதி பழுதாகிக் கிடக்கிறது, அம்மாவுக்குக் கண்ணாடிக் கதவு கேட்கிறது.

இவரிடம் சொன்னேன். "அவளுக்கு என்மேல ஒரு இது உண்டு" என்றார். என்ன இது என்று கேட்டதற்கு, "விடு, சின்னப் புத்தி" என்றார். நான் நினைத்தது சரிதான். இவர் கட்டிய இடத்தில் இவர் அடையாளமே இருக்கக்கூடாது என்று பார்க்கிறாள்.

ஜனவரி 11

குழுவில் சாரைப் பற்றிப் புகழுரை கொட்டுகிறது. சார் இல்லாவிட்டால் நான் இல்லை என்கிறான் ஒருவன். சார் தன் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்கிறான் இன்னொருவன். தீர்மானத்துக்கு ஆதரவு என்று எல்லோரும் கைகூப்பும் பொம்மை போடுகிறார்கள்.

ஒன்று உறுத்துகிறது. எல்லாம் பையன்கள். எங்கள் துறையில் பாதிக்கு மேல் பெண்கள்தான். குழுவிலும் இருக்கிறார்கள். காலை வணக்கம் போட்டால் பதில் போடுகிறார்கள், பிள்ளைகளின் படம் போடுகிறார்கள், நான் முட்டி வலி என்றால் மருந்து சொல்கிறார்கள். சார் பேச்சு வந்தால் மட்டும் கிணற்றில் போட்ட கல். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஜெசிந்தா தனித்தனியாகப் போன் போட்டு அவர்கள் வாயைக் கட்டுகிறாள். அவள் போகும் இடமெல்லாம் கையில் போன்தானே.

ஜனவரி 15

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. இவர் குழுவில் வந்த பழைய படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வாசலுக்கு வரவே இல்லை.

ஜனவரி 18

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று நினைக்கிறேன்.

ஈ அறைக்குப் போகும்போது முதுகலை மாணவி ஏஞ்சலின் வாசலில் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய் ஈக்குக் கஞ்சி மாற்ற வேண்டியதுதானே, ஏன் நிற்கிறாய் என்றேன்.

"சுபாஷினி வரணும் மேடம். ரெண்டு பேராத்தான் போவோம்."

"யார் சொன்னா?"

"சீனியர் அக்கா சொன்னாங்க."

"அவளுக்கு யார் சொன்னா?"

"அவங்க சீனியர் அக்கா மேடம். ஈ ரூமுக்குப் பொண்ணுங்க தனியாப் போகக்கூடாதுன்னு. ஏன்னு தெரியாது, ஆனா அப்படித்தான்."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த வழக்கத்தை நான் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். ஒருத்தி லென்ஸில் கண்ணை வைத்து எண்ணுவாள், இன்னொருத்தி எழுதுவாள். எண்ணிக்கையில் பிழை வராது. இவர் பழக்கிய ஒழுங்கு அது என்று எனக்கு எப்போதும் ஒரு பெருமை. இவர் போய் மூன்று வருடம் ஆகியும், இவர் முகமே பார்க்காத பிள்ளைகள் இன்னும் கடைப்பிடிக்கிறார்கள் என்றால் அதுதானே ஆசிரியருக்கு மரியாதை.

உடனே குழுவில் எழுதினேன். "நம் துறைப் பெண்கள் ஈ அறைக்கு இரண்டு பேராகவே செல்லும் நல்வழக்கம் இன்றும் தொடர்கிறது. இதைத் தொடங்கி வைத்தவர் நம் சார் என்றே நினைக்கிறேன். உங்கள் நினைவுகளைப் பகிருங்கள். விழா மலரில் போடுவோம்." ஏஞ்சலினும் சுபாஷினியும் அறை வாசலில் நிற்கும் படத்தையும் சேர்த்துப் போட்டேன்.

ஜனவரி 19

காலையில் குழுவைத் திறந்தால் ஒருத்தி வெளியேறியிருந்தாள். தவறுதலாகக் கை பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். சட்னி அரைத்து முடிப்பதற்குள் மேலும் மூன்று பேர். மதியத்துக்குள் பாதிப் பெண்கள் இல்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வெளியேறினார் வெளியேறினார் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

லிங்கதுரை மட்டும் பதில் போட்டான். "சார் அப்படி ரூல் போட்ட ஞாபகம் இல்லையே மேடம். நாங்க பசங்க தனித்தனியாத்தான் போவோம். பொண்ணுங்கதான் ஜோடி போடுவாங்க. நாங்க கேலி பண்ணுவோம்." கீழே சிரிக்கும் பொம்மை.

எண்ணிக்கைக்காக என்றால் பையன்களுக்கு மட்டும் அது ஏன் வேண்டாம்?

ஜெசிந்தாவின் வேலைதான். வேறு யார்?

ஜனவரி 20

கேஸ் சிலிண்டர் வந்தது. எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 23

நேராக ஜெசிந்தா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "பொண்ணுங்க கிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?"

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். பேனாவை மூடி வைத்தாள். "நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லல மேடம். நான் சொல்லணும்னு அவங்களுக்கு அவசியமும் இல்ல."

"அப்ப ஏன் எல்லாரும் ஓடுதாளுக?"

"நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க. தமயந்தி கிட்ட கேளுங்க."

"நீயே சொல்லேன். உனக்கு வாய் இல்லையா?"

"நான் சொன்னா, விண்ணப்பத்தத் தடுக்கிறதுக்காகச் சொல்லுதேன்னு நெனைப்பீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நானும் ஜோடி போட்டுத்தான் மேடம் போனேன். எங்க பேட்ச்ல அத வச்சது நான்தான்."

நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது முட்டி வலித்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

ஜனவரி 24

தோசை ஊற்றும்போது இவரே கேட்டார். "சந்திப்புக்கு யார் யார் வாராங்க? அந்தத் தமயந்தியக் கூப்பிட்டியா?"

நான் அந்தப் பெயரை வீட்டில் எடுக்கவே இல்லை. "ஏன் கேக்கீங்க?"

"சும்மாதான். பாதியில ஓடிப்போன பிள்ளை, அதெல்லாம் எதுக்கு. பட்டம் வாங்கினவங்களக் கூப்பிட்டாப் போதும்."

தமயந்தி இவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள். என்னிடம் படித்தவர்களிலேயே கெட்டிக்காரி. இரண்டாம் வருடத்தில் ஒருநாள் திடீரென்று நின்றுவிட்டாள். கல்யாணம் வந்துவிட்டது, படிப்பில் புத்தி இல்லை என்று இவர் அப்போது சொன்னார். போன வாரம் லிங்கதுரை சொல்லித்தான் தெரியும், அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. கோயம்புத்தூரில் ஒரு விதைக் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாளாம்.

தோசை ஒன்று கருகிவிட்டது. நானே சாப்பிட்டேன்.

ஜனவரி 27

தமயந்திக்குப் போன் செய்தேன். துறை மாடியில் நின்றுகொண்டு பேசினேன், வீட்டில் பேசவில்லை.

என் குரலைக் கேட்டதும், "நல்லா இருக்கீங்களா மேடம்? முட்டி எப்படி இருக்கு?" என்றாள். குழுவில் படித்திருக்கிறாள். சந்திப்புக்கு வா என்றேன். சார் தீர்மானத்தைப் பற்றிச் சொன்னேன்.

"சார் திரும்ப வாராங்களா மேடம்? ஈ ரூமுக்கா?"

"ஆமா. ஏன் இப்படிக் கேக்க? நீ ஏன் பாதியில போன? கல்யாணம்னாங்க."

"கல்யாணமா." சிரித்த மாதிரி இருந்தது, சிரிக்கவில்லை. "மேடம், நீங்க உண்மையிலேயே தெரிஞ்சுக்கத்தான் கேக்கீங்களா? இல்ல, நான் என்ன சொல்லுவேன்னு பாக்கக் கேக்கீங்களா?"

தெரிஞ்சுக்கத்தான் என்றேன்.

சொன்னாள். கதை மாதிரி இல்லை, ஆய்வகத்தில் கண்டதைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். உள்ளே தாழ் போடுவது, விளக்கை அணைத்துவிட்டு லென்ஸ் விளக்கு மட்டும் போதும் என்பது, பின்னால் வந்து நிற்பது. மற்றதை நான் இங்கே எழுதமாட்டேன். அதனால்தான் சீனியர்கள் ஜூனியர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்களாம். ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள் இவள் ஒருத்தி மட்டும், ஜோடிக்கு ஆள் இல்லை.

"அன்னைக்கு உங்க கிட்ட சொல்லத்தான் மேடம் ஓடி வந்தேன். நீங்க கீழ லேப் அடுப்புல ஈக்கஞ்சி கிண்டிட்டு இருந்தீங்க. என்னப் பாத்ததும், 'சார் உன்னத் தேடுதாங்க, இங்க என்ன பண்ணுத, போ'ன்னீங்க. நான் நேரா ஹாஸ்டலுக்குப் போயிப் பெட்டியக் கட்டிட்டேன்."

எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. எத்தனை பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருத்தியிடமும் என்ன சொன்னேன் என்று எப்படி ஞாபகம் இருக்கும்?

ஜனவரி 28

இட்லிக்கு ஊறப்போட்டேன். உளுந்து புதுசு, நன்றாகப் பொங்கும். ஒரு பெண் போனில் சொன்னதை வைத்து முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவரைச் சந்தேகப்பட முடியுமா? இவளுக்கும் ஜெசிந்தாவுக்கும் பேச்சுவார்த்தை இருக்கலாம். இருவரும் சேர்ந்து எனக்குக் காது குத்தலாம்.

ஆனால் குழுவிலிருந்து போனவர்கள் வேறு வேறு வருடம். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 2

இவர் புதுச் சட்டை இரண்டு எடுத்து வந்தார். தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டார். மூன்று வருடமாக இப்படிச் சுறுசுறுப்பாகப் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் நான், அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அலைந்து இவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். இவர் போனில் பேசினால் யார் என்று காது கொடுக்கிறேன். கழற்றிப் போட்ட சட்டைப் பையைத் துழாவுகிறேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே, "ஆர்டர் வந்ததும் எனக்கு ஆராய்ச்சிக்கு ஒரு ஆள் ஒதுக்கச் சொல்லணும்" என்றார். "பையன் வேண்டாம். ஈ எண்ணப் பொறுமை இருக்காது."

நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நீ குழுவுல போட்ட படத்துல, கதவுகிட்ட முன்னாடி நிக்குதே ஒரு பிள்ள, மஞ்சச் சுடிதார். அது யாரு? சூட்டிகையா இருக்கும் போலுக்கே."

ஏஞ்சலின். அவள் அப்பா அம்பாசமுத்திரத்தில் பஸ் டிரைவர். முதுகலைச் சேர்க்கையன்று என்னிடம் வந்து, "நல்லாப் பாத்துக்கோங்கம்மா, முதத் தடவ வீட்ட விட்டு வெளிய வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தெரியலங்க" என்றேன். பொய் சொன்னேன். எதற்குப் பொய் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும், இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 6

சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு பொரியல், கேசரி. சமையல்காரர் வடை வேண்டாமா என்றார். வேண்டாம் என்றேன். பிறகு கூப்பிட்டு வேண்டும் என்றேன்.

பிப்ரவரி 8

ஜெசிந்தா கூப்பிட்டாள். தமயந்தி வருகிறாளாம். இன்னும் சிலரும் வருகிறார்களாம். "எதுக்கு?" என்றேன். "தெரியல மேடம். வந்து உக்காரணும்னு சொன்னாங்க, அவ்வளவுதான்." தீர்மானத்தை வாசிப்பது நான்தானா, மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

பிப்ரவரி 9

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் சங்கக் கூட்டம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாருக்குப் பாராட்டு. தன்னைப் பற்றிய தீர்மானத்தில் தானே உட்காரக்கூடாது என்று இவர் வீட்டிலேயே இருந்தார். லிங்கதுரை தன் காரில் போய் மாலையோடு அழைத்து வருவதாக ஏற்பாடு. நான் கிளம்பும்போது சட்டையை மாட்டிக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்றார். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

கூடம் நிறைந்திருந்தது. முன்னால் பையன்கள், ஒவ்வொருத்தனுக்கும் தொப்பை, வழுக்கை, தோளில் தட்டிக்கொண்டு ஒரே சத்தம். கடைசி வரிசையில் தமயந்தியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும். வெவ்வேறு வயது. வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒருத்தி கண்ணிலும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கணக்கு, நிர்வாகிகள் எல்லாம் முடிந்து என் முறை வந்தது. தீர்மானத்தை வாசித்தேன். பேராசிரியர் ஆவுடையப்பன் அவர்களை மதிப்புறு பேராசிரியராக நியமித்து, மரபியல் ஆய்வகத்தை அவர் பொறுப்பில் ஒப்படைக்குமாறு இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது. கைதட்டல். வழக்கப்படி, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டேன். முன்வரிசையில் சிரித்தார்கள், யாருக்கு ஆட்சேபணை இருக்கும் என்கிற சிரிப்பு. கடைசி வரிசை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தமயந்தி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழப் போனாள். அவளா எழுந்து நின்று, இத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால், அதையெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும்?

"நீ உக்காரும்மா" என்றேன். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. "எனக்கு ஆட்சேபணை இருக்கு."

லிங்கதுரை, "மேடம் ஜோக்கடிக்காங்க" என்றான்.

"ஜோக் இல்ல லிங்கதுரை. அவங்க இந்தக் கட்டடத்துக்குள்ள திரும்ப வரக்கூடாது. பொண்ணுங்க படிக்கிற இடம் இது. அவங்க கூட முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவ சொல்லுதேன். எழுதிக்கோங்க, எதிர்த்தது செண்பகவல்லின்னு."

அப்புறம் என்ன சத்தம் எழுந்தது, யார் என்ன கேட்டார்கள் என்று தெளிவாக இல்லை. ஜெசிந்தா, தீர்மானம் கைவிடப்பட்டது என்று சொல்லித் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், என் முழங்கையைப் பிடித்திருந்தாள். சாப்பிடாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

இவர் கூடத்தில் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கார் எங்க? நீ ஏன் ஆட்டோல வார?"

"தீர்மானம் தோத்துப் போச்சு."

"என்னது? யாரு எதுத்தா? ஜெசிந்தாவா?"

"நான்தான்."

என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். பைத்தியமா உனக்கு, என்ன கேள்விப்பட்டாய், யார் என்ன சொன்னார்கள், ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால், என்மேல் சத்தியமாக, அவர் சொல்கிற எதையும் நம்புவதற்கு அந்த ஒரு நிமிடம் நான் தயாராகத்தான் இருந்தேன். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். கழற்றிச் சுவரோரமாக வைத்தார். சோறு இருக்கா என்றார். காலையில் வடித்தது இருந்தது. மோர் ஊற்றிக் கொடுத்தேன், எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஏன் என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை.